கேமராவுக்குப் பக்கத்துப் பெட்டி

ரஸ் டாம்ப்ரோவின் முகம் இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், பேர்தான் யாருக்கும் தெரியாது. பர்பேங்க் ஊர்க் கடையில் அவர் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் யாராவது வந்து நின்று உற்றுப் பார்ப்பார்கள். "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே, நீங்க எங்க ஊர்ல பல் டாக்டரா இருந்தீங்களா?" என்பார்கள். ரஸ் இல்லை என்று சொல்லவே மாட்டார். "இப்ப பல் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். வந்தவர் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து வருஷம் டிவியில் இருந்த மனுஷன். பிணமாகப் படுத்திருக்கிறார், பிணத்துக்கு அப்பாவாக அழுதிருக்கிறார், பிணத்தை அறுத்த டாக்டராகவும் வந்திருக்கிறார். கடைசிப் பதினாறு வருஷம் எங்கள் போலீஸ் தொடரில் சார்ஜென்ட் பெல். ஸ்டேஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர். கதாநாயகனுக்கு ஃபைல் எடுத்துக் கொடுப்பார், செத்தவர்களின் வீட்டாருக்குச் சேதி சொல்வார். யூனிட்டில் லைட்மேன் முதல் டிரைவர் வரை அவரைக் கூப்பிடுவதே சார்ஜென்ட் என்றுதான்.

நான் அரக்ஸி கெஷிஷியான், க்ளெண்டேல்காரி. படப்பிடிப்பில் வசனத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாளே, அது நான்தான். காபிக் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது, நடிகர் எந்த வரியை விட்டார், எல்லாவற்றையும் எழுதி வைப்பது என் பிழைப்பு. இருபத்தெட்டு வருஷத்தில் என் தாளில் ஒரு பொய் ஏறியதில்லை. யாருக்காகவும் ஏற்றியதில்லை.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. இரண்டு பேர் பேசுகிற காட்சியில் முதலில் ஒருவர் முகத்தை எடுப்போம், அப்புறம் கேமராவைத் திருப்பி மற்றவர் முகத்தை எடுப்போம். தன் முகம் எடுத்து முடிந்ததும் பெரிய நடிகர்கள் கேரவனுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய வசனத்தை நான் பக்கத்தில் இருந்து வாசிக்க, எதிரில் இருப்பவர் என் குரலைக் கேட்டு நடிக்க வேண்டும். நான் வாசிப்பது மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். எனக்கு நடிப்புக்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?

ரஸ் மட்டும் போகமாட்டார். ஒரே ஒரு வரி பேச வந்த புதுப் பையனாக இருந்தாலும் சரி, அவன் முகத்தை எடுத்து முடிக்கிற வரை கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் வசனத்தை முழுசாகச் சொல்லிக் கொடுப்பார்.

ஏன் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். டொலீடோ ஊரில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு இருபத்திரண்டு வயதில் பஸ் ஏறி இங்கே வந்தவர். இரண்டு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டியபின் முதல்முதலாகப் பேசுகிற வேஷம் கிடைத்ததாம், ஆம்புலன்ஸ் டிரைவர். "அம்மாவுக்கு ஃபோன் போட்டு எல்லாரையும் பாக்கச் சொல்லிட்டேன்" என்றார். "என் முகத்தை எடுக்கறப்ப ஹீரோ கிளம்பிட்டார். அவருக்குப் பதிலா ஒரு கம்பத்துல டேப் ஒட்டி, அதைப் பாத்துப் பேசுன்னாங்க. கம்பத்துக்கிட்ட என்னத்தைப் பேசறது? நாக்கு எழும்பலை. என் வரியையே வெட்டிட்டாங்க. டொலீடோவுல மொத்தத் தெருவும் உக்காந்து பாத்துச்சு, ஆம்புலன்ஸ் மட்டும் வந்துட்டுப் போச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவருக்கு அறுபத்தொன்பது வயதான அந்த சீசனில் வரிகளை மறக்க ஆரம்பித்தார். மனைவி ஜாய்ஸ் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. படப்பிடிப்பு இல்லாத நாளில்கூட வான் நைஸ் வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்களோடு காபி குடித்துவிட்டுப் போவார். எங்களை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது?

ஒரு புதன்கிழமை தயாரிப்பாளர் டேனா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, தலைக்கு மேல் வேலை உள்ளவள்.

"ரஸ் இந்த சீசன்ல விட்ட வரியெல்லாம் தனியா ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க அரக்ஸி. அடுத்த சீசனுக்கு சார்ஜென்ட் பெல் வேணுமான்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணணும்."

"அவர் மேல என்னைக் கேஸ் கட்டச் சொல்றியா?"

"உங்க வேலையைத்தான் செய்யச் சொல்றேன்."

வசனத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை பார்த்து அவருக்கு ஒன்றரைப் பக்க வசனம். காணாமல் போன பையனின் உடம்பு கிடைத்துவிட்டது என்று தாயிடம் சொல்ல வேண்டும். தாயாக வந்தவள் நோரீன் டல்லி. ரெசிடாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கேமராவுக்கு முன்னால் வருகிறாள். அழுது வீங்கிய கண் மாதிரி மேக்கப் போட நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் எதுக்குச் சும்மா இருக்கணும், ரஸ் முகத்தை முதல்ல எடுத்துடலாம், அந்தம்மா வசனத்தை அரக்ஸி படிக்கட்டும்" என்றார் டைரக்டர்.

நான் படித்தேன். ரஸ் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். இரண்டாவது டேக்கில் பையன் பேரையே மறந்தார். நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. ஆறு டேக், ஆறிலும் தப்பு. லைட்மேன்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறையும் எழுதினேன். எழுதும்போது என்னை நானே திட்டிக்கொண்டுதான் எழுதினேன்.

"போதும் சார்ஜென்ட், துண்டு துண்டா ஒட்டிக்கலாம். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் டைரக்டர்.

அந்த நேரம் பார்த்து நோரீன் மேக்கப் முடிந்து வந்தாள். வசனத் தாளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ரஸ் அவளைப் பார்த்தார். மரப்பெட்டியை இழுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் போயிட்டா உனக்கு அரக்ஸிதான் படிப்பா. முதல் நாளே உனக்கு அந்தத் தண்டனை வேண்டாம்மா."

நோரீன் சிரித்துவிட்டாள். கேமரா அவள் பக்கம் ஓட ஆரம்பித்தது.

ரஸ் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. பையனை எங்கே கண்டெடுத்தார்கள் என்று சொன்னார். அவன் காலில் ஒரு ஷூதான் இருந்தது, இன்னொன்றை இன்னும் தேடுகிறோம், கிடைத்ததும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றார். நான் விரலை வரியின்மேல் வைத்துத் தொடர்ந்துகொண்டே போனேன். ஒன்றரைப் பக்கம், ஒரு எழுத்து பிசகவில்லை. நோரீன் அழவில்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டாள், அதைப் பார்த்து எங்களுக்குத்தான் அழுகை வந்தது. நாலு கோணத்தில் நாலு தடவை எடுத்தோம். நாலு தடவையும் ரஸ் முழுசாகச் சொன்னார்.

எனக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அரை மணி நேரத்துக்கு முன்னால் பையன் பேர் தெரியாதவருக்கு இப்போது எப்படி வந்தது? சாப்பிடக்கூடப் போகாமல், அந்த சீசன் தாள்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். ரஸ் வரி விட்ட இடம் மொத்தம் பதினேழு. என் தாளில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, எதிரில் இருந்து வசனம் கொடுத்தது யார் என்று எழுத. யாரும் அதைப் பார்ப்பதில்லை, நான்தான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். பதினேழில் பதினைந்து இடத்தில் என் பேர் இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் கதாநாயகன் கிப் ஆர்மிட்டேஜுக்கு அந்த வருஷம் இரட்டைக் குழந்தை. தன் முகம் முடிந்ததும் கேரவனுக்கு ஓடிவிடுவான், படுத்தவுடன் தூங்கிவிடுவான். அன்றைக்கு நோரீன் மேக்கப்பில் இருந்தாள், மற்றதெல்லாம் கிப் இல்லாத நேரம். ரஸ் பதினைந்து தடவையும் பேசியது என்னிடம்தான். ஆளும் இல்லாமல், கம்பமும் இல்லாமல், நான்.

மிச்சம் இரண்டு இடத்தில் எதிரில் ஆள் இருந்தும் மறந்திருந்தார். வயதாகிவிட்டதுதானே. அதையும் மறைக்காமல் எழுதி, லிஸ்டை டேனாவின் மேஜையில் வைத்தேன்.

அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். "கடைசில ஏ.கே., ஏ.கே.ன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நான்தான். அரக்ஸி கெஷிஷியான்."

மறுபடி படித்தாள். "இத்தனை நாளா இதை நீங்க கவனிக்கலையா?"

"இல்ல. எழுதினேன், படிக்கல."

டேனா பேனாவை மூடி வைத்தாள். "இப்ப கிப்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நீ தயாரிப்பாளர், நீ சொல்லு. உனக்குத் தயக்கமா இருந்தா நான் போய்ச் சொல்றேன், எனக்கு ஒரு தயக்கமும் இல்ல."

அவளேதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை ரஸ்ஸின் முகத்தை எடுக்கும்போது கிப் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தான். "தூக்கம் வந்தா போய்ப் படுப்பா" என்றார் ரஸ். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். கிப் போகவில்லை. இரண்டே டேக். முதலாவதில் ஒரு வார்த்தையை விட்டார், எழுதிக்கொண்டேன். சார்ஜென்ட் பெல் அடுத்த சீசனிலும் உண்டு என்று மத்தியானமே டேனா அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அவர் காருக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்து டூனா மீன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் வந்துடல ரஸ். கோளாறு என் வாசிப்புலதான்" என்றேன்.

"தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அப்ப வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? இன்னிக்கு உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பதினாறு வருஷ வேலை. கிப்பை உக்காரச் சொல்லுங்கன்னு சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

ரஸ் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"கிப்பைக் கூப்பிடணும்னா ஏன்னு கேப்பாங்க. அரக்ஸி படிக்கறது எனக்குச் சரிவரலைன்னு சொல்லணும். யூனிட் மொத்தமும் கேக்க, உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறவகிட்ட அதை எப்படிம்மா சொல்றது?"

சொல்லிவிட்டு மிச்சமிருந்த பாதி சாண்ட்விச்சை என்னிடம் நீட்டினார். அந்தக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே தின்றேன்.