கேட் மூடிய பிறகு ரேவதி எங்கே போனாள்

1. வருகைப் பதிவு

"ரேவதி" என்று கூப்பிட்டேன். "உள்ளேன் மிஸ்" என்றது குரல். டிக் போட்டுவிட்டு நிமிர்ந்தால், ரேவதியின் இடம் காலி.

ராஜா அண்ணாமலைபுரத்தில், ஃப்ளாட் பிள்ளைகளும் ஆற்றங்கரைக் குடிசைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதற்காகவே நடத்தப்பட்ட பள்ளி அது. நான் ஆறாம் வகுப்பு கிளாஸ் டீச்சர். அந்த மாதம்தான் கரையோர வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மூன்று நாள் அதே குரல் வந்தது. அவளுடைய குரலேதான், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ரேவதி வீட்டு போன் எடுக்கப்படவே இல்லை.

நான்காம் நாள் இடைவேளையில், அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் ஷபானா வந்து அழுதாள்.

"நான்தான் மிஸ் அவ மாதிரி சொன்னேன். வரலன்னா பேரை அடிச்சிருவாங்கன்னு அவதான் சொல்லச் சொன்னா."

"அவ எங்கம்மா?"

"ரெண்டு பஸ் மாறி வர்றா மிஸ். அதுக்குள்ள கேட்ட மூடிட்றாங்கோ. திரும்பிப் போனா அவங்கம்மா அடிக்கும். அதான் இடிச்ச வூட்லயே குந்திகினு கீறா."

2. ஆற்றங்கரை

நல்ல வெயில். கரையில் ஒரு மனிதர் இல்லை. காக்கை கூடக் கத்தவில்லை. செங்கல் குவியல்களுக்கு நடுவே ஒரே ஒரு சுவரும் அதில் ஒரு வாசற்காலும் மட்டும் நின்றன. அதன் முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. செங்கல் தூளில் அன்று போட்ட கோலம்.

பக்கவாட்டில் சுவரே கிடையாது. ஆனாலும் நான் வாசற்காலைத் தாண்டித்தான் உள்ளே காலெடுத்து வைத்தேன்.

"மிஸ், செருப்ப வெளிய வுடுங்க."

யூனிஃபார்மில், இரட்டைப் பின்னலோடு, புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள் ரேவதி. மேலே வானம்.

"என்னம்மா இது?" என்றேன்.

உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க மிஸ். பக்கத்து வூட்ல பாப்பா தூங்குது."

பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இடிபாடு. வேறொன்றும் இல்லை. ஆனால் என்னையறியாமல் நானும் மெதுவாகத்தான் பேசினேன்.

"ஸ்கூலுக்குப் போலாம் வா."

"கேட் மூடியிருக்கும் மிஸ்."

"நான் தொறக்கச் சொல்றேன்."

ரேவதி புத்தகத்தை மூடி, இல்லாத கதவை இழுத்துச் சாத்துவது போல் கையை அசைத்துவிட்டு வந்தாள்.

3. ஹெச்.எம். அறை

"எல்லாருக்கும் ஒரே ரூல். எட்டே முக்காலுக்கு கேட் மூடணும்" என்றார் தலைமையாசிரியை.

"கார்ல வர்ற பிள்ளைக்கும் ரெண்டு பஸ் மாறி வர்ற பிள்ளைக்கும் ஒரே நேரம் வெச்சா, அது சமம் இல்ல மேடம்."

"யாரு பொறுப்பு?"

தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து பக்கவாட்டு கேட்டில் ஒன்பதரை வரை நின்றேன். தூரத்திலிருந்து வரும் ஐந்து பிள்ளைகள் அதன் வழியாக வந்தார்கள். ரேவதி அங்கேயே பத்தாவது முடித்தாள்.

பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பாருங்கள். புதிதாக வரும் ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான். நான் நான்காம் நாள்தான் போனேன். அவளை அழைத்து வந்த மறுநாள் மாலை ஆற்றங்கரைக்குப் போனேன். காலையிலேயே அந்தக் கடைசிச் சுவரையும் தள்ளியிருந்தார்கள். இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், இடிக்கும் முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா எனக் கேட்டேன்.

"காலி பண்ணி எவ்ளோ நாளாச்சு. ஆளே இல்லாத எடத்துல இன்னாத்த பாக்குறதும்மா?" என்றார்.