எழுதாமல் விட்ட ஒரு வரி

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘பொறு’. யார் எதைக் கேட்டாலும், “பொறு, எது முதல்ல, எது அப்புறம்னு பார்ப்போம்” என்பார். டீ குடிக்கப் போவதற்கும் அதே பேச்சுதான். பக்கத்து நாற்காலிக்காரி நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

புது மென்பொருள் ஏற்றும் வேலையை அவர் இயந்திரத்திடமே விட்டிருந்தார். செய்ய வேண்டியதை எழுதி வைத்தால் போதும், எல்லா சர்வரிலும் தானாக நடந்துவிடும். ஆனால் எதற்குப் பின் எது என்று சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குச் செய்யும்.

அந்த முறை தரவுத்தளத்தை மாற்ற வேண்டும். அது முடிந்த பிறகே, ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுக்கு அனுப்பும் புரோகிராம் எழ வேண்டும். சோதனை சர்வரில் பலமுறை ஓட்டிப் பார்த்தார். பிசகவே இல்லை. எப்படிப் பிசகும்? அங்கே புதுத் தரவுத்தளத்தை அவரே முன்னதாகக் கையால் ஏற்றியிருந்தார். அதனால், ‘அது முடிந்த பிறகே இது’ என்ற ஒரு வரியை எழுத மறந்தது தெரியவே இல்லை.

காலையில் நிஜ சர்வர்களில் ஓட்டினார். புரோகிராம் முந்திக்கொண்டு எழுந்து பழைய தரவுத்தளத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு தரவுத்தளம் மாறியது. பிடி அறுந்தது புரோகிராமுக்கே தெரியவில்லை. எங்கள் திரையில் எல்லாம் சரி என்று பச்சை.

மதியம் அவருடைய அக்காவைச் சிறுநீரகக் கோளாறோடு சேர்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கம், உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. முன்பென்றால் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர்கள் உடனே போன் செய்வார்கள். முடிவு திரையில் போக ஆரம்பித்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முடிவு வரவில்லையே என்று நர்ஸ் கூப்பிட்டுக் கேட்டபோது, “அப்பவே அனுப்பியாச்சே சிஸ்டர், பாருங்க” என்றார்கள். அவள் பொறுமையிழந்து கீழே இறங்கி நேரில் வாங்கி வருவதற்குள் அக்காவின் இதயம் நின்றுவிட்டது.

‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று மேலதிகாரி கை கழுவினார். அக்கா செத்த மனிதனின் முகத்துக்கு நேரேயே அதைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிணவறை வாசலில் அக்கா புருஷன் உட்கார்ந்திருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“மாமா, தப்பு என்னோடது. ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நீ என்னடா மச்சான் பண்ணுவே? வேற ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம். நீ இருக்கற எடம்னுதான் வண்டிய இங்க திருப்பச் சொன்னா.”