கேப்டன் ஜெரோம் என்னை ஃபெயிலாக்கிய நாள்

சனிக்கிழமை காலை, ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தபோது தொலைபேசியில் ஜெரோமின் மனைவி ஜெசிந்தாவின் பெயர் வந்தது. அவர் என்னை அழைப்பதே இல்லை. எப்போதும் ஜெரோம்தான் அழைப்பார். பின்னால் ஜெசிந்தா ஏதாவது சொல்லிச் சிரிப்பது கேட்கும். "அண்ணா, இவர் போயிட்டார்" என்றார். விடியற்காலையில் நெஞ்சு நோகிறது என்று எழுந்து உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மவுண்ட் ரோஸ்கில் தேவாலயத்தில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று, சுருதியைப் பற்றிக் கவலையில்லாமல் உரக்கப் பாடுபவராக உங்களில் பலர் கேப்டன் ஜெரோமை அறிவீர்கள். சிலர் அவர் ஓட்டிய விமானத்தில் நேப்பியருக்கோ நெல்சனுக்கோ போயிருப்பீர்கள். நான் அவரை அறிந்தது வேறு விதமாக. நான் அவருடைய பிரிவுக்கு வருவதை அவர் எதிர்த்தார். கூட்டத்தில் எதிர்த்தது போதாது என்று, என் முகத்துக்கு நேரேயும் வந்து சொன்னார்.

எங்கள் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத இரண்டு வகுப்புகள் உண்டு. கடல் தாண்டிப் போகும் பெரிய ஜெட்டுகளை ஓட்டுபவர்கள் ஒரு வகுப்பு. நாட்டுக்குள் ஊர் ஊராகப் போகும், இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானங்களை ஓட்டுபவர்கள் இன்னொரு வகுப்பு. முதலாளி ஒருவர்தான், சம்பளம்தான் வேறு. சின்ன விமானத்தில் தலை நரைத்த கேப்டனுக்குக் கிடைப்பதைவிட ஜெட்டில் நேற்று வந்த துணை விமானிக்கு அதிகம் கிடைக்கும். நான் ஜெட் ஆள். கொரோனா வந்து வானம் வெறிச்சோடியபோது எனக்கு வேலை போனது. கொஞ்ச காலம் ஒரு கடையில் பெயின்ட் டின் அடுக்கினேன். பிறகு எங்கள் ஜெட் விமானிகள் சங்கமும் நிர்வாகமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: வேலையிழந்த ஜெட் விமானிகளில் சிலருக்குச் சின்ன விமானங்களில் இடம். அதற்காக அங்கே கடைசியாகச் சேர்ந்தவர்கள் வெளியே போக வேண்டும். மிஞ்சியவர்களின் சம்பளமும் தற்காலிகமாகக் குறைக்கப்படும். எங்கள் சம்பளத்தையும் குறைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குறைத்த பிறகும் அவர்களுடையதை விட எங்களுடையது கூடத்தான் இருந்தது.

ஜெரோம் அப்போது சின்ன விமான விமானிகளின் பிரதிநிதி. இரு தரப்பும் கூடிய பொதுக் கூட்டத்தில் எழுந்து, உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் எங்கள் வீட்டு ஓடுகளைக் கழற்றுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. கூட்டம் முடிந்து தேநீர் மேசையருகே நான் தமிழன் என்று தெரிந்ததும் நேராக வந்தார். அவருடைய மன்னார்த் தமிழும் என்னுடைய மலேசிய ஈப்போத் தமிழும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது இப்படித்தான்: "தம்பி, உம்மிலை எனக்குக் கோவமில்லை. ஆனா நீர் வரக்கூடாது. வராம இருக்கிறதுக்கு என்னால ஏலுமானதெல்லாம் செய்வன்." சரி கேப்டன் என்றேன்.

அவரால் தடுக்க முடியவில்லை. நான் வந்தேன். விமானிகள் ஓய்வறையில் நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். வம்புப் பேச்சு எதுவும் கிடையாது. நியூசிலாந்துக்காரர்களின் கிவி நாகரிகம், குட் மார்னிங் மட்டும் தவறாமல் வரும். அந்த வகை விமானத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்துக் கடைசியில் தேறினேனா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பு ஜெரோமுக்கு வந்தது. தேறாவிட்டால் என் வேலை போகும். இரண்டு பிள்ளைகள், வீட்டு மார்ட்கேஜ், என் மனைவியின் பாதி நாள் வேலை என்று எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஓய்வறையில் பலர் அந்தக் கையெழுத்து விழக்கூடாது என்று காத்திருந்தார்கள். கேப்டன் பார்த்துக்கொள்வார் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை.

சோதனை, பயணிகளோடு போகும் விமானத்திலேயே நடக்கும். அன்று நேப்பியரில் பலத்த காற்று. எல்லாம் ஒழுங்காகவே போனது, கடைசி சில அடிகள் வரை. ஜெட்டில் தரையை நெருங்கும்போது பவரை முழுதாகக் குறைத்துவிடலாம்; அது மிதந்து போய் மெல்ல உட்காரும். விசிறி விமானத்தில் அதைச் செய்தால் விசிறியே பிரேக் போட்டது போலாகிவிடும், விமானம் தொப்பென்று விழும். ஜெரோம் இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். என் கைக்கு அது ஏறவில்லை. பழைய பழக்கத்தில் பவரை இழுத்தேன். விழுந்த வேகத்தில் பின்னால் பயணிகள் யாரோ கத்தினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மெக்கானிக்குகள் சக்கரங்களைச் சோதித்த பிறகுதான் விமானம் திரும்பலாம் என்றாகிவிட்டது. நாங்கள் ஆக்லாந்து வந்து சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

ஜெரோம் என்னை ஃபெயிலாக்கினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் எனக்கு வாய்ப்பிருந்தது. ஓய்வறையில் கிரெக் என்ற கேப்டன் எழுந்து வந்து ஜெரோமின் கையைக் குலுக்கத் தன் கையை நீட்டினார். ஜெரோம் கையைக் கொடுக்கவில்லை. விமானம் விழுந்ததற்காகத்தான் ஃபெயில், ஓட்டினவர் எங்கிருந்து வந்தார் என்பதற்காக அல்ல என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "ஞாயிறு பூசை முடிய வீட்டை வாரும்" என்றார்.

லின்ஃபீல்டில் அவர் வீட்டுச் சாப்பாட்டறையில் இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டார். ஜெசிந்தாவின் பெரிய அகப்பையை என் கையில் கொடுத்து, இதுதான் பவர் லீவர் என்றார். அவர் உயரத்தைச் சொல்லச் சொல்ல நான் அகப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்க வேண்டும், சக்கரம் தொட்டது என்று அவர் சொல்லும்வரை முழுதாக இழுக்கக்கூடாது. நான் அவசரப்பட்டால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் நேப்பியர். அவர் மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இந்த அங்கிள் உண்மையிலேயே பைலட்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் எங்கள் வகுப்பு சாப்பாட்டு நேரம் முடியும்வரை நின்றது. புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். இது அவருடைய ஓய்வு நாள், இதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஏன் கேப்டன் இதெல்லாம் என்று கேட்டேன். "சண்டை கூட்டத்து மேசையில. விமானத்துக்குள்ள கொண்டு வரப்படாது" என்றார். இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாம் சோதனையில் தேறினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை வாழ்த்துவார் என்று நினைத்தேன். பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவர் சொன்னது இது: "பாஸ் போட்டனான் எண்டதால நீர் வந்தது சரியெண்டில்லை. நீர் இருக்கிறது ஹேலியின்ர கதிரை. அதை நினைச்சு ஓட்டும்." ஹேலி அவரிடம் பயின்ற பெண், கடைசியாகச் சேர்ந்து நாற்காலியை இழந்தவர்களில் ஒருத்தி. வேலை போய்ச் சவுத்லாண்டில் அப்பாவின் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தாள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. அன்று எனக்கு அந்த வார்த்தை சுட்டது. நல்ல நாளும் அதுவுமாக இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை வராதா என்று வீடு வரும்வரை காரில் திட்டினேன்.

அந்தக் கையெழுத்துக்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சம்பளக் குறைப்பை அவரைப்போல யாரும் எதிர்த்துப் போராடவில்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் அவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரெக் அவரோடு பேசுவதை விட்டார். என் மேசை போலவே அவர் மேசையும் காலியானது. அதனால் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம், வேறு வழியில்லாமல். அங்கேயும் அவர் என்னோடு வாதாடுவதை நிறுத்தவில்லை.

ஜெட்டுகள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் என்னைத் திரும்ப அழைத்தார்கள். என் சம்பளம் பழைய நிலைக்கு வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் குறைத்த சின்ன விமான விமானிகளின் சம்பளம் பழைய நிலைக்கு வரவில்லை. சென்ற மாதம் அதை மீட்பதற்கு எங்கள் சங்கத்தின் ஆதரவைக் கேட்டார்கள். கூட்டத்தில் எங்கள் ஆட்கள் பலர், அது அவர்கள் பாடு என்றார்கள். நான் எழுந்தேன். நம் ஆட்கள் சிலர் அந்த விமானங்களில் வேலை பார்த்துப் பிழைத்ததற்கு அவர்கள்தான் விலை கொடுத்தார்கள் என்றேன். நேப்பியரையும் சொன்னேன், என் மானத்தைப் பார்க்காமல். வாக்கெடுப்பில் தோற்றோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெரோமை அழைத்துச் சொன்னேன். வெகு நேரம் சிரித்தார். "இனி உம்மோடையும் ஒருத்தரும் கதைக்கமாட்டினம். பழகிப் போம்" என்றார். பிறகு, "எழும்பினீர்தானே. அது காணும், போதும்" என்றார். அதுதான் எங்களுடைய கடைசிப் பேச்சு.

அடக்கப் பூசைக்கு இரண்டு சீருடைகளும் வந்திருந்தன. ஒரு பக்கம் அவர்கள், மறு பக்கம் நாங்கள், நடுவில் ஜெரோம். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கிரெக்கும் இருந்தார். வெளியே வந்து என்னிடம், இவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிட்டேனே என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். பொறுமை என்று எழுதமாட்டேன், அது அவரிடம் இருந்ததில்லை. அவர் எனக்குள் போட்டுவிட்டுப் போனது ஓர் உறுத்தல். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டும்போதெல்லாம், இந்த இடத்துக்காக யார் எதை இழந்தார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுகமான கேள்வி இல்லை. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தச் சம்பளக் கோரிக்கையை மறுபடி கொண்டு வருகிறேன், அதற்கடுத்த கூட்டத்திலும் கொண்டு வருவேன். ஜெரோம் குறைந்த சம்பளத்திலேயே பறந்து குறைந்த சம்பளத்திலேயே போய்விட்டார். கிரெக்குக்காவது அது திரும்பி வரட்டும்.