ஒரு குறையும் இல்லை

பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் முகப்பில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதுதான் இப்போது என் வேலை. எல்லாரும் நல்லா இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பதிலையும் நான் நம்புவதில்லை.

எப்படி நம்புவது? நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் பேசக் கற்றுக்கொள்ளும்போதே அந்தப் பதிலையும் கற்றுக்கொள்வோம். வெளியிலிருந்து யாராவது கையில் ஃபைலோடு சோதனைக்கு வரப்போகிறார்கள் என்றால், முதல் நாளே, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி சொல்லிவிடுவார்: "கேட்டா ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுங்க. வந்தவன் கார் ஏறிப் போயிருவான். நாமதான் இங்க கெடக்கணும்." அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் கூரை ஒழுகினாலும் எங்களுக்குக் குறையில்லை, முதுகு ஒடிந்தாலும் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் கேட்டாலும் இதே பதில்தான். பின்னால் ஒரு 'ஸ்தோத்திரம்' கூடுதலாக வரும்.

பதினாறு வயதில் நான் நான்காம் படிவம் படித்த வருடம். லோரி ஓட்டப் போகிறேன் என்று கோலாலம்பூர் போன அப்பா இரண்டு கிறிஸ்துமஸாக வரவில்லை. அம்மா கொழுந்து வெட்டப் போவாள், வருவாள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைப் பலகையில் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பேச மாட்டாள். ஆக, சமையல் என் தலையில், துணி என் தலையில், தங்கச்சிகள் இரண்டு பேரும் என் தலையில். நாலரைக்கு எழுந்து சோறு வடித்து, அதுகளுக்குத் தலை பின்னி, பள்ளி வேனில் ஏறும்போதே என்னுடைய நாள் முடிந்துபோயிருக்கும். வீட்டில் படுத்தால் தூக்கம் வராது. வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் வராது. பள்ளிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சும்மா வரும்.

எங்கள் பள்ளியிலும் ஆலோசனை அறை என்று ஒன்று இருந்தது. அதில் நிரந்தரமாக வேலை பார்த்தது பூட்டு மட்டும்தான். பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் ஒருவர் எப்போதாவது வருவார். நான் மூன்று முறை அந்தக் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை ஆத்திரம் தாங்காமல் கதவை உதைத்தேன். கால்தான் வலித்தது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த அக்கா வந்தார். நம் ஆள், தமிழிலேயே பேசினார். பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கு என்ன உதவி தேவை என்று பிள்ளைகளையே கேட்கும் ஆராய்ச்சி. மலையில் இருக்கும் சில பள்ளிகளில் கேட்டுப் பார்த்து, எங்கே தேவை அதிகமோ அங்கே ஒரு முழுநேர ஆலோசகரை அனுப்பப் போகிறார்களாம். முடிவுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆறு மாணவர்கள் கொண்ட குழுவும் உண்டு. அறிக்கை மலாயில் இருக்கும், எனக்கு மலாய் நன்றாக வரும் என்று அதில் என்னையும் போட்டார்கள். பூட்டில்லாத அந்த அறையை அன்றைக்கே மனசுக்குள் பார்த்துவிட்டேன். நான் உட்காரும் நாற்காலி எந்தப் பக்கம் என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அம்மா, அந்த வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கோம்னு எழுது. வீட்டு வெஷயத்த வெளிய கொட்டிட்டு வராத. கங்காணி காதுக்குப் போயிரும்லா."

"பேரு எழுத வேணாம்மா. யாருக்கும் தெரியாது."

"எந்த லயத்துப் புள்ளன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? சொன்னதச் செய்டி."

மண்டபத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தார்கள். தூக்கம் வராமல் இருந்ததா, காரணமில்லாமல் அழுகை வந்ததா, களைப்பாக இருந்ததா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினமும்' வரை கட்டங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், 'தினமும்' கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வரிசைப் பக்கம் நடந்து வந்தார். ஃபைலைப் பார்த்ததும் கை தானாக நகர்ந்தது. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இறங்கினேன். பக்கத்தில் இருந்த, எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே குடியிருக்கும் கூட்டாளி எனக்கு முன்பே இறங்கி முடித்திருந்தாள். களைப்பே இல்லை என்று குறித்த அந்தத் தாளின் மேலேயே தலையை வைத்து நான் தூங்கியும் போனேன். மானம் போச்சு! அக்கா தோளைத் தொட்டு எழுப்பி, சிரித்துக்கொண்டே தாளை வாங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு முடிவைக் காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"எஸ்டேட் புள்ளைங்க ரொம்ப தைரியமா இருக்கீங்க. குடும்பம், கோயில்னு ஒத்துமையா வாழறீங்க போல. அதனால ஆலோசகர வேற பள்ளிக்கு அனுப்பறாங்க."

எங்கள் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். அந்த வேறு பள்ளியில் இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். அழுத பிள்ளைக்குத்தானே பால்? அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என்மேல்தான் கோபம்.

"இதுல ஏதாச்சும் தப்பா பட்டா சொல்லுங்க" என்றார் அக்கா, பேச்சுக்கு.

"நாங்க பொய் எழுதிட்டோம் அக்கா" என்றேன்.

"யாரும்மா?"

"எஸ்டேட்டுப் புள்ளைங்க எல்லாரும். ஃபைல் வெச்சிருக்கறவங்ககிட்ட நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

அக்கா மேசைமேல் இருந்த ஃபைலை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார். "அறிக்கை போயிருச்சேம்மா" என்றார். "நான் மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். ஆனா இந்த வருஷம் ஒன்னும் மாத்த முடியாது." என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

திரும்பி வரும்போது வேனில் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றாள்.

"நீ மட்டும் என்ன கிழிச்ச?" என்றேன்.

சாயங்காலம் அம்மா வந்து அதே பலகையில் உட்கார்ந்தாள். பூட்ஸிலிருந்து சேறு தரையில் வடிந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தத் தாளில் இருந்த கேள்விகளை அம்மாவிடம் யாருமே கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நானும் கேட்டதில்லை.

"அம்மா, நீ நல்லா இருக்கியா? ஒனக்குத் தூக்கம் வருதா?"

அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கலைந்திருந்த முடியை அவசரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"ஒரு கொறையும் இல்ல" என்றாள் சத்தமாக. பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: "யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா. நான்தான் கேக்கறேன்."