சேவலும் சர்வதேசச் சட்டமும்

சென்னையில் எம்.எல். சேர்ந்தபோது நான் எடுத்த பாடத்துக்குப் பெயர் சர்வதேசச் சட்டமும் பாதுகாப்பும். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு அதில் புரிந்தது கடைசிச் சொல் ஒன்றுதான். பாதுகாப்பு என்றால் செக்யூரிட்டி. தொண்ணூறுகளின் கடைசி அது. டவுனில் புதிது புதிதாக லாட்ஜுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் நீலச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

"பி.எல். முடிச்சிட்டு உம்பொண்ணு இன்னாம்மா படிக்குது?" என்று யாராவது கேட்டால், "செக்யூரிட்டிக்கு" என்பாள் அம்மா.

"அதுக்குப் போயி ரெண்டு வருஷமா?"

"இது வெளிநாட்டு செக்யூரிட்டி" என்பாள், விட்டுக்கொடுக்காமல்.

அப்பா மட்டும்தான் விவரம் கேட்டார். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டே, "நாடுங்க சண்டை போட்டுக்கினா போலீஸ் யாரு?" என்றார்.

"போலீஸ்னு யாரும் இல்லப்பா."

"கோர்ட்டு?"

"இருக்குது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் கேஸ் நடக்கும்."

"அப்போ நம்ம பங்காளிங்க மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் வகுப்பில் இதைச் சொல்லி முடிக்கவே ஒரு பருவம் ஆனது.

முதல் வருடத் தேர்வுக்குப் படிக்க ஒரு மாதம் லீவு விட்டார்கள். புத்தக மூட்டையோடு ஊருக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, ஆனால் பெரியம்மா. அவளிடம் ஒரு மாடும், ஏழெட்டுக் கோழிகளும், ஒரு செவலைச் சேவலும் இருந்தன. அவளுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். ஏதோ குளிர் நாடு. தியானம் செய்ய வந்தவர். நிலைப்படியில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு நிரந்தர வீக்கம் வைத்திருக்கும் அளவுக்கு உயரம்.

சேவல் மூன்றரை மணிக்கே கூவ ஆரம்பிக்கும். அது கூவுவதும் சாதாரணமாக இருக்காது, யாரையோ திட்டுவதுபோல இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை நான் கண் விழித்தபோது மணி எட்டு. அவ்வளவு நேரம் தூங்கிய அதிசயத்தை யோசிப்பதற்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது.

"ஐயோ, எஞ்சேவலக் காணோமே!"

தெருவே கூடிவிட்டது. எங்கள் தெரு ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்து சொன்னார்: "விடிகாலை மூணு மணிக்கு அந்த வெள்ளைக்காரரு ஒரு துணிப்பையோட ஏறினாரு. வேங்கிக்கால் போவணும்னாரு. வழியெல்லாம் பை கத்திக்கினே வந்துச்சு. எதுக்கு வம்புனு நான் ஒண்ணும் கேக்கல."

பெரியம்மா நேராக என்னிடம் வந்தாள். "நீ இதுக்குத்தானே படிக்கிற? வா."

"பெரியம்மா, அது நாட்டுக்கும் நாட்டுக்கும் இருக்கிற சட்டம்."

"அவன் ஒரு நாடு, நான் ஒரு நாடு. போதுமா?"

போனோம். அவர் கதவைத் திறந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிந்தது. நன்றாகத் தூங்கிய தெளிவும் தெரிந்தது. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"எஞ்சேவலத் துன்னுட்டியாடா பாவி? நீ வெளங்குவியா?" என்றாள் பெரியம்மா.

'இவர் தமது ஆழ்ந்த கவலையைத் தெரிவித்துக்கொள்கிறார்' என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர், தான் பதினொரு நாளாகத் தூங்கவில்லை என்றும், அது பறவையே இல்லை, பேய் என்றும் சொன்னார்.

"உங்க சேவல் ரொம்ப நல்ல சேவலாம் பெரியம்மா. குரல்தான் கொஞ்சம் ஜாஸ்தியாம்."

"பின்னே? எவ வளர்த்தது?" என்றாள் பெரியம்மா, சற்று இறங்கி.

கடைசியில் நேராகக் கேட்டபோது அவர், சேவலைத் தின்னவில்லை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நிறைய மரங்கள் இருந்ததால் அங்கே சந்தோஷமாக இருக்கும் என்று இறக்கி விட்டுவிட்டேன் என்றார். அதே ஆட்டோவில் மூவரும் ஏறினோம்.

அன்று மனு கொடுக்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் மரத்தடி முழுக்க ஜனம். "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்தாள் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது. அங்கே மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் அவளைப் பார்த்துப் பதறிப்போய்ப் புதுத்தாள் எடுத்தார்.

"அழாதீங்கம்மா. எத்தினி வயசு?"

"ஒண்ணரை."

"ஐயோ பாவம். காணாமப் போவும்போது இன்னா கலர் துணி?"

"ஒடம்பெல்லாம் செவப்பு. வாலு மட்டும் கருப்பு."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

அந்த நேரத்தில் எதிரே டீக்கடைக்குப் பின்னாலிருந்து அந்தத் திட்டு கேட்டது. வெள்ளைக்காரர்தான் முதலில் அடையாளம் கண்டுபிடித்தார். பெஞ்சுக் காலில் சேவலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். "காலையிலேர்ந்து இங்கதான் இருக்குது. எங்களுது" என்றாள் டீக்கடை அம்மா.

அந்த வாரம்தான் நான் நிலப்பரப்பைக் கைப்பற்றுவது பற்றிய அத்தியாயத்தை முடித்திருந்தேன். "அஞ்சு மணி நேரம் கையில வெச்சிருந்தா சொந்தமாயிடாதுங்க. தொடர்ந்து, பல காலம், வேற யாரும் ஆட்சேபிக்காம வெச்சிருக்கணும்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு?"

"செக்யூரிட்டி!" என்றாள் பெரியம்மா.

டீக்கடை அம்மா கலெக்டர் ஆபீஸ் கேட்டை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவசரமாகக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் வாழ்க்கையின் முதலும் கடைசியுமான உடன்படிக்கையை எழுதினேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். காலை ஆறு மணி வரை சேவலைக் கூடை போட்டு மூடி வைக்க வேண்டும். பதிலுக்கு வெள்ளைக்காரர் மத்தியானம் பெரியம்மா கண்ணயரும் நேரத்தில் தியானத்துக்கு வைத்திருந்த பித்தளைக் கிண்ணத்தைத் தட்டி ஓசை எழுப்பக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியம்மா அதை ரேஷன் கார்டோடு வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் விடிகாலையில் சேவல் கூடைக்குள்ளிருந்து கூவியது. காலிக் குடத்துக்குள் வாயை வைத்துக் கத்தியதுபோல் அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போனது. இதுவரை எழாதவர்களும் எழுந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் வெளியே வந்தார். பெரியம்மா வெளியே வந்தாள். இருவரும் என் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"மூடி வைக்கணும்னுதான் போட்டிருக்குது. கூவக் கூடாதுனு போடலியே" என்றேன்.

"அத எழுதினது யாரு?" என்றாள் பெரியம்மா.

பிற்சேர்க்கை ஒன்று எழுத வேண்டி வந்தது. இருட்டுவதற்கு முன் சேவலை எங்கள் மல்லாட்டைக் கொல்லையிலிருக்கும் மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் அடைக்க வேண்டும், காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். கொண்டுபோவது யார் என்பதில் பெரியம்மா கறாராக இருந்தாள்: "தூக்கிக்கினு போவத் தெரிஞ்சவரே தூக்கட்டும்."

அப்படியே நடந்தது. தினமும் சாயங்காலம் அந்த நெட்டை மனிதர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிரிவலப் பாதையைத் தாண்டிப் போவார். முதல் வாரம் அது அவர் கையைக் கொத்தியது. இரண்டாவது வாரம் அவர் அதனோடு பேசிக்கொண்டு போனார். மலை சுற்ற வந்த வெளியூர்க்காரர்கள், சேவல் ஏந்தி வரும் வெள்ளைச் சாமியாரைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். ஒரு குடும்பம் சேவலிடம் குழந்தையை நீட்டி ஆசீர்வாதம் கேட்டதாக ஆட்டோக்காரர் சொன்னார்.

மாதக் கடைசியில் அவருக்கு விசா முடிந்தது. பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், போவும்போது வாய்க்கு ருசியா ஒரு வேளை போட்டு அனுப்பலாம். சேவல அடிச்சுக் கொழம்பு வெக்கிறேன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அந்தச் சேவலைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லையா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருந்த சட்டங்களை எல்லாம் மனசுக்குள் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பெரியம்மாவிடம், "அவரு அழுதுடுவாரு போலருக்குது பெரியம்மா" என்று உள்ளதைச் சொன்னேன்.

"மொதல்ல தொலைச்சிட்டு வந்தான். இப்போ கொல்லாதேன்றான். இன்னா மனுஷன்டீ இவன்" என்றவள், உளுந்து ஊறப் போட உள்ளே போனாள். வடை, பாயசத்தோடு விருந்து முடிந்தது.

நான் சென்னை போய்த் தேர்வு எழுதினேன். தகராறுகளைச் சமாதானமாகத் தீர்ப்பது பற்றி ஒரு கேள்வி வந்தது. இன்னொரு தாள் வாங்கி எழுதினேன். அதில் தேறிவிட்டேன். உடன்படிக்கைச் சட்டத்தில் பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டுதான் கிடைத்தது.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து பெரியம்மாவுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பனி கொட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் அவர் நிற்கிறார். பெரியம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெருவெல்லாம் பஞ்சு கொட்டி வெச்சிருக்குது, பெருக்க ஒரு ஆள் இல்ல போல" என்று சொல்லி, காலண்டர் ஆணியில் அதைச் செருகினாள்.