பதினெட்டு நிமிட அழைப்பு

இதில் வரும் நேரங்கள் ஒரு கைப்பேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்தும், ஒரு கண்காணிப்புக் கேமராவின் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரு நிமிடமும் கூட்டப்படவில்லை; ஒரு நிமிடமும் குறைக்கப்படவில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எண்ணுவோர் இதனை நம்ப மாட்டார்கள். ஏனெனில் நடந்தது பட்டப்பகலில். மாலை நான்கு மணிக்கு மேல், ஐந்து மணிக்குள்.

அயல்நாட்டில் குடியேறி ஏழு மாதங்களே ஆகியிருந்த குடும்பம் அது. மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை வேலை. கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாலை வேலை. ஐந்து வயது மகள் எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள். ஆகையால் வீட்டில் அவள் பெயர் ‘வக்கீல்’. ஒன்றரை வயது மகன் தன் கம்பிக் கட்டிலில் நின்றபடி, விரலை நீட்டியே எல்லாரிடமும் வேலை வாங்குவான், அவன் ‘முதலாளி’.

கணவன் 4.10 பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மனைவி வந்து இறங்குவதோ 4.28க்கு. இடையிலுள்ள பதினெட்டு நிமிடங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்நாட்டில் அவர்களுக்கு நாதியில்லை. சொந்த ஊராக இருந்தால் எதிர்வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும். இங்கோ எதிர்வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

ஆகவே, இருவருமாக ஒரு வழி கண்டார்கள். கணவன் புறப்படுமுன் வீட்டுக் கைப்பேசியிலிருந்து அவளை அழைப்பான். ஸ்பீக்கரைப் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுவான். அவள் பேருந்தில் அமர்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, பதினெட்டு நிமிடமும் வீட்டைக் காதாலேயே காவல் காப்பாள்.

“வக்கீல், தம்பி என்ன பண்றான்?”

“மூக்கை நோண்டுறான்மா. நானும் நோண்டவா?”

“வேணாம் தாயே. டிவி பாரு.”

வெளியே தெரிந்தால், பிள்ளைகளைத் தனியே விட்ட குற்றத்துக்காக அரசாங்கமே அந்தப் பிள்ளைகளைத் தூக்கிச் சென்றுவிடும். சலவைக்கூடத்தில் ஒருத்திக்கு அப்படி நடந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். ஆகையால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் நான்கு நாட்கள் நன்றாகவே கழிந்தன.

ஐந்தாம் நாள், 4.16. கனமான நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் ஓசை கேட்டது. கிர்ர்ர்ர்...

“யாருடி நாற்காலியை இழுக்குறது?”

“நான் இல்லை.”

“பின்ன? தம்பியா?”

“அவன் கட்டில்ல இருக்கான்.”

“அப்போ யாரு?”

வக்கீல் பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி அதுதான்.

எட்டாம் நாள், குளிப்பாட்டும்போது அவள் கண்டாள். முதலாளியின் மேற்கையில் ஐந்து விரல் தடங்கள். கருநீலமாகக் கன்றியிருந்தன. சிறுமியின் விரல்கள் அல்ல. பெரியவர் ஒருவர் வெறியோடு பற்றிய பிடி. மறுநாள் விடியலில், அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சண்டை வெடித்தது.

“பெத்த புள்ளைய இப்படியாங்க அடிப்பீங்க? கை வெளங்குமா?”

“நானா? என் கை இவ்ளோ சின்னதா? கொண்டா உன் கையை!”

அவள் மணிக்கட்டை முறுக்கி இழுத்து, குழந்தையின் கையில் வைத்து அழுத்தினான். விரலுக்கு விரல் பொருந்தியது. மோதிர விரலின் தடத்தில் ஒரு கோடு ஆழமாக இருந்தது. அவளுடைய மோதிரத்தின் அகலம்.

கையில் அகப்பட்ட கிண்ணத்தை அவள் எறிந்தாள். அவன் புருவம் பிளந்தது. அவன் ஓங்கி அறைந்தான். திருமணமாகி ஏழு ஆண்டுகளில் அவர்கள் ஒருவர்மீது ஒருவர் கை வைத்தது அன்றுதான். இரத்தத்தைத் துடைத்தபடி அவன் மகளிடம் குனிந்தான்.

“நீ சொல்லு. தம்பியை யாரு அடிச்சா?”

வக்கீல் தன் தாயை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டாள்.

பன்னிரண்டாம் நாள்.

4.09க்கு அழைப்பு வந்தது. கதவு பூட்டப்படும் ஓசை. கணவனின் செருப்போசை படிகளில் தேய்ந்தது.

4.11. மீண்டும் பூட்டு திறக்கும் ஓசை...

மறந்ததை எடுக்கத் திரும்பியிருக்கிறார் என்று நினைத்தாள். “என்னங்க? பஸ்ஸை விட்டுடப் போறீங்க.”

காலடிகள் மட்டும். மெதுவாக. அது கணவனின் நடை இல்லை.

4.14. தொலைக்காட்சி அணைந்தது.

4.15. நாற்காலி இழுபட்டது. கிர்ர்ர்ர்...

“வக்கீல்? யாருடி வந்திருக்கா?”

மகளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “அம்மா... நீ பஸ்ல இருக்கியா, இங்க இருக்கியா?”

அவள் இருக்கையைவிட்டு எழுந்தாள்.

4.17. பளீரென்று ஓர் அறை. முதலாளி வீறிட்டான். மறு அறை. இன்னொன்று. பீங்கான் நொறுங்கியது. கட்டில் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. மடக்... மடக்... மடக்...

“வேணாம்மா! தம்பியை விடும்மா!”

பிறகு ஒரு பெண்குரல். தெளிவான தமிழ். அந்த நகரத்தில் தமிழ் பேசும் பெண் வேறு யாருமில்லை.

“அழாத. அதான் அம்மா வந்துட்டேன்ல.”

அது அவளுடைய குரல்.

அவள் பேருந்தின் கதவைக் குத்தினாள். நிறுத்தம் வராமல் திறக்க மாட்டேன் என்றான் ஓட்டுநர். காவல்துறையின் மூன்று இலக்க எண்ணை அழுத்திவிட்டு, அழைப்புப் பொத்தானின் மேல் விரலை நிறுத்தினாள். அழைத்தால் பிள்ளைகள் பறிபோவார்கள். அழைக்காவிட்டால்... அழைத்துவிட்டாள். முகவரியைக் கத்தினாள்.

4.28. குதித்தாள். ஓடினாள்.

4.29. சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உட்புறச் சங்கிலி மாட்டப்பட்டிருந்தது. வக்கீல் நாற்காலி மேல் ஏறினாலும் அதற்கு எட்டமாட்டாள்.

தாழ்வாரத்துச் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பிடுங்கினாள். இடித்தாள். மறுபடி இடித்தாள். விரல்நகம் பிய்ந்தது. ஐந்தாம் இடியில் சங்கிலி தெறித்தது.

கூடம் முழுவதும் பீங்கான் சில்லுகள். கட்டில் துண்டு துண்டாய்க் கிடந்தது.

யாரும் இல்லை.

அலமாரிக்குள் முனகல். திறந்தாள். வக்கீல் உதடு கிழிந்து, தம்பியைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு சுருண்டிருந்தாள். தாயைக் கண்டதும் அலறினாள்.

“கிட்ட வராத! தம்பி செத்துருவான்!”

“நான்தான்டி... அம்மாடி...”

நீட்டிய கையை மகள் எலும்பு தெரியக் கடித்தாள்.

அப்போதுதான்...

பின்னாலிருந்து அவள் கூந்தலை ஒரு கை பற்றியது.

அலமாரிக் கதவில் முகத்தை மோதியது. ஒருமுறை. இருமுறை. மூக்கெலும்பு நொறுங்கும் ஓசையை அவளே கேட்டாள்.

கழுத்தில் விரல்கள் இறுகின. ஒரு விரலில் மோதிரம்.

உருளையின் பிடியை அழுத்தினாள். தோளுக்குமேல், கண்ணை மூடிக்கொண்டு. வெண்தூள் சீறியது.

பிடி தளர்ந்தது.

இரண்டு பிள்ளைகளையும் வாரினாள். வக்கீல் அவள் தோளைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

விடவில்லை.

ஓடினாள்.

மருத்துவமனையில் முதலாளிக்குத் தோள்பட்டையில் முறிவு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. போலீசார் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினர். தரையில் படிந்திருந்த வெண்தூளில் ஒருத்தியின் காலடிகள்தாம் இருந்தன. சந்தேகம் அவள்மேல் விழுந்தது. விசாரணை முடியும்வரை பிள்ளைகளோடு அவள் தனித்திருக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

கணவனோ அவளை நேருக்குநேர் பார்க்கவே அஞ்சினான்.

“பஸ்லதாங்க இருந்தேன். டிரைவரைக் கேளுங்க.”

“கேட்டுட்டாங்க. நீ பஸ்லதான் இருந்த.” அவன் ஓரடி பின்வாங்கினான். “அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அதன்பின் மூன்றாம் நாள், கட்டடக் காவலர் அவர்களைத் தம் அறைக்கு அழைத்தார். தாழ்வாரக் கேமராவின் பதிவைப் போலீசாருக்குக் கொடுக்குமுன் அவர்களிடம் ஒன்று கேட்க விரும்பினார். அந்நாட்டு மொழியில் அவர் கேட்டது இதுதான்: “தினமும் ரெண்டு தடவை உள்ளே போறீங்க. நடுவுல நீங்க வெளியே வர்றதே இல்லையே?”

திரையில் காட்டினார். பன்னிரண்டு நாட்கள். ஒவ்வொரு நாளும் 4.11க்கு, சலவைக்கூடச் சீருடையில், அவளே வருகிறாள். தன் சாவியால் திறந்து உள்ளே போகிறாள். பிறகு 4.30க்கு மீண்டும் அவளே, மூச்சிரைக்க வருகிறாள்.

கடைசி நாளைப் போடச் சொன்னாள்.

4.11. உள்ளே போகிறாள்.

4.29. கதவை இடிக்கிறாள்.

4.37. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வருகிறாள்.

காவலர் பதிவை நிறுத்தக் கை நீட்டினார். கணவன் தடுத்தான். வெறும் தாழ்வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

4.39. கதவு திறந்தது.

அவள் வெளியே வந்தாள். தலைமுடி கலையவில்லை. சீருடையில் வெண்தூள் மட்டும். நின்று, நிதானமாகக் கதவைப் பூட்டினாள். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு, பிள்ளைகள் போன அதே படிகளில், அவசரமே இல்லாமல் இறங்கிப் போனாள்.