அவர் சொன்னார் என்று நான் சொன்னது

கர்த்தர் பேசுவார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கம்பைநல்லூரில் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்தபின் கடைசிக் கால் மணி நேரம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். தகரக் கூரையின் வெக்கையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பாஸ்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்து, "கர்த்தர் என்ன பேசினாரு?" என்று கேட்பார்.

எல்லோரிடமும் பேசினார். மகன் கல்யாணத்தைப் பற்றி ஒருத்தியிடம், போர்வெல் போட வேண்டிய இடத்தைப் பற்றி இன்னொருத்தியிடம். என்னிடம் மட்டும் எட்டு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. நான் தையல்காரி. கண்ணை மூடினால் அன்று சாயந்திரம் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள்தான் வரிசையாக வந்து நிற்கும். "இன்னைக்கும் ஒண்ணும் இல்லீங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பாஸ்டரம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். "இன்னும் கொஞ்சம் தாழ்த்தணும் சிஸ்டர்" என்பார். அந்த "இன்னும் கொஞ்சம்" காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருஷம் தாழ்ந்தவள் இன்னும் எங்கே போய்த் தாழ்வது?

எங்கள் கூட்டத்தில் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சாமந்தி போடும் குடும்பம். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இவள் ஒருத்திதான் சபைக்கு வருகிறவள். அதற்கே மாமியாரிடம் தினம் வசவு வாங்குவாள். என்னை "அக்கா அக்கா" என்று சுற்றி வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை, இடது மார்பில் கட்டி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதாள். தருமபுரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும், அடுத்த வாரமே வா என்று சொல்லியிருந்தார்.

"ஊசி குத்துனா உள்ளாற பரவிடும்னு சொல்றாங்கக்கா. எனக்கு பயமா இருக்குது. ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கறன்."

எல்லோரும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தோம். பிறகு அந்தக் கால் மணி நேரம். நானும் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. வழக்கம்போல ஜாக்கெட்தான் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மாவும் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர்?" என்றார். மறுபடியும் அந்த "இன்னும் கொஞ்சம்" வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாவி.

"அந்தக் கட்டி கரையறத கர்த்தர் எனக்குக் காட்டுனாரும்மா" என்று சொன்னேன். "உப்புக்கல்லு தண்ணியில கரையற மாதிரி."

அந்தப் பெண் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுற்றிலும் ஸ்தோத்திரம், அல்லேலூயா. "கடைசியில உங்களோடயும் பேசிட்டாரு பாருங்க" என்று பாஸ்டரம்மா கண் கலங்கினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது. பெரிய பொய் சொன்னதாகவே தோன்றவில்லை. பாவம், பயந்து கிடக்கிறாள், நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னோம், எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் அது தெரிந்தது. ஒரு பை நிறையச் சாமந்தியைக் கொண்டுவந்து என் கடையில் வைத்தாள். "டெஸ்ட்டுக்குப் போனியா?" என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தாள். "கர்த்தரே சொன்னதுக்கப்புறம் போனா, அவர சந்தேகப்பட்ட மாதிரி ஆகிடாதாக்கா?" என்றாள். எங்கள் சபையில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. சுகம் கிடைத்துவிட்டது என்று வார்த்தை வந்துவிட்டால், அதன்பிறகு நோயைப் பற்றி வாயால் பேசக் கூடாது. பேசினால் அவிசுவாசம், கிடைத்த சுகம் போய்விடும் என்பார்கள். நானும் நாலு பேருக்கு அதைச் சொன்னவள்தான். "சும்மா ஒரு வாட்டி போயிட்டு வாயேன்" என்று முனகினேன். அவள் சிரித்தாள். "என்னைச் சோதிச்சுப் பாக்கறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பார்க்கும்போதெல்லாம், "கரைஞ்சிட்டே வருதுக்கா" என்பாள். கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். அவள் தெருமுனை திரும்பியதும் அந்த நிம்மதி போய்விடும்.

இரண்டாவது மாதம் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தைத்ததுதான். "இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு வுடுக்கா, புடிக்குது" என்றாள். டேப்பை எடுத்து அளந்தேன். மூன்று மாதம் முன்பு எடுத்த அளவு நோட்டில் இருந்தது. இடது பக்கம் அரை இஞ்சுக்கும் மேல் கூடியிருந்தது, வலது பக்கம் அப்படியே இருந்தது. உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும் பெருக்கும். இருபது வருஷம் இந்த வேலை செய்கிறவளுக்கு இது தெரியாதா? அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "வெயிட்டு போட்டுட்டன்போல" என்று சிரித்தாள்.

அவள் போனபின் பிரிக்க உட்கார்ந்தேன். நடுப்பகல். ரோட்டில் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பிளேடால் இரண்டு தையல் அறுத்திருப்பேன், அப்போது வந்தது. காதில் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். யாரோ பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னது போல் உள்ளே தெரிந்தது. "நான் அப்படிச் சொல்லவில்லை." அவ்வளவுதான்.

பாஸ்டரம்மா சொல்லிக்கொடுத்த அடையாளம் ஒன்று உண்டு: கர்த்தர் பேசினால் மனதில் சமாதானம் வரும், சாத்தான் பேசினால் கலக்கம் வரும். எனக்கு வந்தது கலக்கம். அப்படியானால் இது சாத்தான்தான் என்று முடிவு கட்டினேன். எழுந்து நின்று கையை நீட்டி, இயேசுவின் நாமத்தில் போ என்று சத்தமாகக் கடிந்துகொண்டேன். எதிர்க் கடை பாய் எட்டிப் பார்த்து, "என்னாச்சு தங்கச்சி, எலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அது போகவில்லை. மறுநாளும் அதே வார்த்தை, அதே நிதானம். கோபமில்லை, மிரட்டலில்லை. மிரட்டியிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். மூன்று நாள் கடிந்துகொண்டேன், உபவாசம் இருந்தேன், பாட்டை உரக்க வைத்தேன். நாலாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. இதை நானாகக் கற்பனை செய்திருக்கவே முடியாது. கற்பனை செய்தால் எனக்குப் பிடித்த மாதிரி அல்லவா செய்வேன், முன்னே செய்தேனே! எட்டு வருஷம் ஏங்கிக் கிடந்த குரல் வந்திருக்கிறது, நான் எலியை விரட்டுவது போல விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. பயம்தான் வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு பஸ் ஏறினேன். அவள் சாமந்திக் காட்டில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும் பறித்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் மாமியார். நான் வரப்பிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்கு எதுவும் காட்டப்படவில்லை, எல்லோரும் பார்த்தார்கள் என்பதற்காகப் பொய் சொன்னேன், என்னை நம்பித்தான் நீ போகாமல் இருந்தாய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டினாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப அவரு எனக்கு ஒண்ணுமே சொல்லலியாக்கா?"

"நாளைக்குக் காலையில மொத பஸ்சு. நான் வர்றன். வருவியா?" என்று கெஞ்சினேன். அவள் மாமியார் இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தருமபுரிக்குப் போகும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதே டாக்டரம்மா. பழைய சீட்டை எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அடுத்த வாரமே வரச் சொன்னேனே, ஏம்மா வரல?" என்று அதட்டினார்.

"சாமி வேண்டாம்னு சொன்னாருன்னு நெனச்சிட்டங்க. நான்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டன்" என்றாள் அவள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. "அவ ஒண்ணும் தப்பா புரிஞ்சிக்கலைங்க மேடம். நான்தான் பொய் சொன்னன்" என்று எழுந்தேன். டாக்டரம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அதெல்லாம் வெளியில போய்ப் பேசிக்குங்க" என்றுவிட்டு அவள் இடது கையைத் தூக்கச் சொன்னார். அவளால் பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. அக்குளில் விரலை வைத்து அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இங்கயும் இருக்குது. இது எப்ப இருந்து?"

அங்கேயும் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். கரைந்துகொண்டே வருகிறது என்று என்னிடம் சொன்ன ஒவ்வொரு நாளும் அது அங்கே இருந்திருக்கிறது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னாள்.

"அக்காவுக்கு அவரு காட்டுனாருன்னாங்களே, அந்த வாரத்துல இருந்துங்க. வாயத் தொறந்து சொன்னா அவிசுவாசம் ஆகிடும்னு யார்கிட்டயும் சொல்லலீங்க."